தெரியாதவளாய் இருக்கும் உரிமை

'அனைவரும் வருக' என்று எழுதி மாட்டிய கதவு எல்லாருக்கும் திறந்த கதவுதானா? இந்தக் கேள்வியைக் கோயில் வாசலில் கேட்டிருக்கிறோம். டீக்கடை வாசலில் கேட்டிருக்கிறோம். பள்ளிக்கூட வாசலில் கேட்டிருக்கிறோம். இப்போது நான் கேட்க வந்திருப்பது ஜிம் வாசலில். சிரிக்க வேண்டாம் தோழர்களே. உடற்பயிற்சிக் கூடம் என்று ஏட்டுத் தமிழில் சொன்னாலும் சரி, ஜிம்மு என்று ஊர்வாக்கில் சொன்னாலும் சரி, பிரச்சினை ஒன்றுதான். உள்ளே விடுவது வேறு, வரவேற்பது வேறு. முதலாவதைச் சட்டம் வாங்கித் தரும். இரண்டாவது எதில் இருக்கிறது என்பதை யாரும் நமக்குத் தெளிவாகச் சொன்னதில்லை. நாமும் உட்கார்ந்து யோசித்ததில்லை.

நான் குடியிருப்பது திருவானைக்காவலில். ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம், நடுவில் தீவு. வாசலைப் பற்றி யோசிக்க இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. இந்த ஊர்க் கதையே ஒரு வாசலின் கதைதான். வெண்ணாவல் மரத்தடி லிங்கத்தின் மேல் சருகு விழாமல் சிலந்தி ஒன்று வலை பின்னியதாம். யானை ஒன்று துதிக்கையில் தண்ணீர் மொண்டுவந்து ஊற்றியதாம். யானைக்கு அந்த வலை அழுக்காகத் தெரிந்தது, கலைத்துப் போட்டது. சிலந்தி துதிக்கைக்குள் புகுந்து கடித்தது. இரண்டும் செத்தன. அந்தச் சிலந்திதான் மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்து, யானை நுழைய முடியாதபடி வாசலைக் குறுக்கி மாடக்கோயில்களாகக் கட்டித் தள்ளினான் என்று புராணம் சொல்கிறது. இன்றைக்கும் ஜம்புகேசுவரர் கருவறைக்குள் போகிறவர் குனிந்துதான் போகவேண்டும்.

பக்தர்கள் இதில் பக்தியைப் பார்க்கட்டும். எனக்குத் தெரிவது வேறு. அந்த வாசலில் 'யானைக்கு அனுமதியில்லை' என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதவேண்டிய அவசியமே இல்லை. வாசலின் அளவே அந்த வேலையைச் செய்துவிடும். கேட்டால், வாசல் திறந்துதானே இருக்கிறது என்பார்கள். யானைதான் பெருத்துப் பிறந்துவிட்டது என்பார்கள்.

நமக்கு மூடிய கதவுகளை உடைத்த வரலாறு உண்டு. 1939இல் மதுரை மீனாட்சி கோயில் நுழைவு நடந்தது. 1947இல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு, கடைகளுக்குள்ளும் உணவு விடுதிகளுக்குள்ளும் பொழுதுபோக்கு இடங்களுக்குள்ளும் சாதி, மதம், பால் பார்த்து யாரையும் தடுக்கக்கூடாது என்றது. இதில் 'கடை' என்றால் என்ன, சலவைக்கடையும் சவரக்கடையும் அதில் சேருமா என்று 1948 நவம்பர் 29ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் விவாதம் வந்தது. காசுக்குத் தன் சேவையைத் தர முன்வருகிற எவரையும் குறிக்கும் விரிந்த பொருளில்தான் அந்தச் சொல் ஆளப்பட்டிருக்கிறது என்று பாபாசாகேப் விளக்கம் சொன்னார். அந்த விளக்கத்தின்படி ஜிம்மும் கடைதான். கதவைத் திறக்கிற வேலையை அவர் முடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். குறுக்கிக் கட்டிய வாசலைப் பற்றி நாம்தான் பேசவேண்டும்.

ஜிம்மெல்லாம் ஒரு பிரச்சினையா என்று இயக்கத் தோழர் ஒருவர் கேட்டார். குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கிற நாட்டில், கண்ணாடி முன்னால் நின்று கைதூக்குகிற நடுத்தர வர்க்கத்து விவகாரத்தை எழுதப் போறியா என்றார். நியாயமான கேள்விதான். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் அது நடந்தபோது புதுக்கோட்டைக்கும் எங்களுக்கும் தூரம் ஒரு மணி நேரப் பயணம். மறக்கக்கூடியது அல்ல. ஆனால் 1927இல் மகாத் சவுதார் குளத்துக்கு மக்களைத் திரட்டிக்கொண்டு போன அம்பேத்கர், அந்தத் தண்ணீரைக் குடித்தால் சாகாவரம் கிடைக்கும் என்பதற்காக நாங்கள் போகவில்லை, நாங்களும் மனிதர்கள் என்று நிலைநாட்டவே போகிறோம் என்ற பொருளில்தான் பேசினார். எது பொதுவோ அது நமக்கும் பொது. பெரிய விசயம், சின்ன விசயம் என்று தரம்பிரித்து, சின்னதையெல்லாம் அவர்களுக்கே விட்டுக்கொடுக்கிற பழக்கம் நமக்கு எதற்கு?

இன்னொன்றும் இருக்கிறது. இது ஆடம்பரமும் அல்ல. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிப் பேர் என்று 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொல்கிறது. வயதுக்கு வந்தவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி செய்யவேண்டும், அதோடு வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வழிகாட்டியது. எனக்கு முப்பது தாண்டியதும் முழங்கால் வலி வந்தது. ரத்தத்தில் சர்க்கரை எல்லைக் கோட்டில் நிற்கிறது என்றார் டாக்டர். "எடை தூக்கிப் பழகுங்கம்மா" என்றார்.

எடை தூக்கிப் பழகு! எங்கம்மாவிடம் சொன்னேன். அது ரொம்ப நேரம் சிரித்தது. "நான் தூக்குனது பத்தாதுன்னு நீயும் தூக்கப் போறியா? அதுவும் காசு குடுத்தா?"

எங்கம்மா சித்தாள். பத்துப் பத்துச் செங்கலாகத் தலையில் ஏற்றி மூன்று மாடி ஏறியவள். ஒரு செங்கல் மூன்று கிலோ என்று வைத்தாலும் ஒரு நடைக்கு முப்பது கிலோ. ஜிம்மில் ஆண்கள் தூக்கும் வெறும் கம்பியின் எடை 20 கிலோ. பெண்களுக்கென்று செய்த கம்பி 15 கிலோ. கணக்குப் பார்த்தால் எங்கம்மா எப்போதோ மெடல் வாங்கியிருக்க வேண்டும். வாங்கியது இடுப்பு வலியும் கழுத்துத் தேய்மானமும்தான்.

ஏன் அப்படி? இரண்டும் எடைதானே, இரண்டும் வியர்வைதானே? இங்கேதான் கூர்ந்து பார்க்கவேண்டும். பயிற்சியில் முதல் வாரம் வெறும் கம்பி. உடம்பு பழகின பிறகு இரண்டரைக் கிலோ ஏற்றுவார்கள். அப்புறம் அய்ந்து. ஒரு தசையை வேலை வாங்கினால் அதற்கு ஒருநாளோ இரண்டு நாளோ ஓய்வு. வலித்தால் கம்பியைக் கீழே வைக்கலாம். சித்தாள் வேலையில் எடையை மேஸ்திரி தீர்மானிக்கிறார். முதல் நாளே முழுச்சுமை. ஓய்வு எடுத்தால் கூலி இல்லை. வலித்தாலும் செங்கலைக் கீழே வைக்க முடியாது. வேலைக் களத்தில் படுகிற உடலுழைப்பும் ஓய்வு நேரத்தில் செய்கிற உடற்பயிற்சியும் உடம்புக்கு ஒரே பலனைத் தருவதில்லை, முதலாவது சில சமயம் இதயத்துக்கே கேடாகிறது என்று ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். அதற்கு 'உடலுழைப்பு முரண்' என்ற பொருளில் ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். எங்கம்மாவைக் கேட்டிருந்தால் ஆய்வு இல்லாமலே சொல்லியிருக்கும்.

திருவானைக்காவல் கோயிலின் வெளிமதிலுக்குத் திருநீற்றான் மதில் என்று பேர். மதில் கட்டிய கூலியாட்களுக்குச் சிவபெருமானே சித்தராக வந்து சாம்பலைக் கூலியாக அளந்தாராம். அவரவர் உழைப்புக்கு ஏற்றபடி அது பொன்னாக மாறியதாம். பொன்னாக மாறிய கதையை எழுதி வைத்தவர்கள் யாரும் கல் சுமந்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். சுமந்தவர்கள் கையில் இன்றைக்கும் சாம்பல்தான் இருக்கிறது.

உழைக்கிற உடம்புக்கும் பயிற்சி பெறுகிற உடம்புக்கும் நடுவே கோடு கிழிப்பது நம் நாட்டில் மட்டும் நடந்ததில்லை. ஜிம் என்கிற சொல்லே கிரேக்கர்களிடமிருந்து வந்தது. பழைய ஏதென்சில் அடிமைகள் உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சி செய்யக்கூடாது என்று சோலன் பெயரால் ஒரு சட்டம் இருந்தது. அடிமை கல் உடைக்கலாம், சுரங்கம் வெட்டலாம், எசமானனைப் பல்லக்கில் சுமக்கலாம். ஆனால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு மல் பழகக்கூடாது. காரணம் என்ன? உடம்பைப் பயன்படுத்துவது அடிமைக்கு விதிக்கப்பட்டது. உடம்பை வளர்ப்பது, அதாவது தன் உடம்பு தனக்காக என்று நினைப்பது, சுதந்திர மனிதனுக்கு மட்டும் உரியது. ஆக, ஜிம்முக்குப் போவதில் அரசியல் இல்லை என்று சொல்கிறவர்கள் ஜிம்மின் சரித்திரத்தைப் படித்தால் நல்லது.

இனி நான் பார்த்த கூடங்களுக்கு வருகிறேன். திருச்சியிலும் தீவுக்குள்ளும் விசாரித்துப் போனவை மூன்று. எதற்கும் இங்கே பேர் சொல்லப் போவதில்லை. பேர் சொன்னால் பிரச்சினை அந்தக் கடையோடு முடிந்துவிடும்.

முதல் இடத்தில் குளிர்சாதனம், சுவர் முழுக்கக் கண்ணாடி. வரவேற்பு மேசையில் இருந்த பையன் நல்ல மாதிரியாகத்தான் பேசினான்.

"எந்த ஏரியாக்கா?"

"திருவானைக்காவல்."

"அது சரிக்கா. அங்க எந்தத் தெரு?"

சொன்னேன்.

"வாடகையா? சொந்த ஊரு எது? ஊர்ல எந்தப் பக்கம்?"

நம் ஊரில் 'எந்தப் பக்கம்' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. எடை கேட்கவில்லை, உயரம் கேட்கவில்லை, சர்க்கரை உண்டா என்று கேட்கவில்லை, முழங்காலைப் பற்றிக் கேட்கவில்லை. என் உடம்பைப் பற்றி எதுவுமே தெரிந்துகொள்ளாமல் என் பிறப்பைப் பற்றித் தெரிந்துகொள்ள நான்கு கேள்வி. உள்ளே பார்த்தால் இளவட்டங்கள் பாதிப்பேர் மணிக்கட்டில் கலர் கலராகக் கயிறு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கையில் இருக்கும் இந்தக் கயிறு எதைக் காட்டுகிறது என்று 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பார்த்தோம். பட்டியல் சாதி மாணவன் ஒருவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு. அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் பள்ளிகளில் இந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. ஜிம்முக்கு அப்படி எந்தக் குழுவும் கிடையாது. கயிறு கட்டின கை எல்லாமே சாதிக் கை என்று நான் சொல்லவில்லை. சாமிக் கயிறும் உண்டு. ஆனால் கயிற்றைப் பார்த்துக் கணக்குப் போடவேண்டிய நிலையில் ஒருத்தி நிற்கிறாள் என்றால், அவள் கவனம் எடையில் இருக்குமா, கதவில் இருக்குமா?

இரண்டாவது இடத்தில் நாலு வாரம் போனேன். சாதி எதுவும் கேட்கவில்லை. எப்படியோ தெரிந்துகொண்டார்கள். நம் வேலை அப்படி, மேடையில் பேசுகிற ஆள் தெரியாமல் இருக்க முடியாது. பயிற்சியாளர் அன்பாகத்தான் சொன்னார்: "உங்களுக்கென்னக்கா, ஒழைச்ச உடம்பு. உங்க ஆளுங்களுக்குப் பலம் பொறப்புலயே இருக்கும்." சொல்லிவிட்டு முதல் நாளே 20 கிலோ கம்பியைத் தோளில் வைத்தார். பக்கத்தில் அதே வாரம் சேர்ந்த இன்னொரு பெண்ணுக்கு இரண்டு கிலோ டம்பெல். அவருக்கு "மெதுவா மேடம், மெதுவா."

என் உடம்பு என்ன உழைத்தது? எங்கம்மா செங்கல் சுமந்தது நான் சுமக்கக்கூடாது என்பதற்காக. இது பதினேழு வருசம் பெஞ்சில் உட்கார்ந்து எம்.ஏ. வரைக்கும் தமிழ் படித்த உடம்பு. தொல்காப்பியமும் சங்க இலக்கியமும் குனிந்து படித்து முதுகு வளைந்த உடம்பு. அந்தப் பெண்ணின் உடம்பும் என் உடம்பும் அன்றைக்கு ஒரே நிலைமைதான். இரண்டும் ஒன்றுமே தெரியாத புது உடம்புகள். ஆனால் அவருக்குத் தெரியாது என்பதை அவர்கள் பார்த்தார்கள். எனக்குத் தெரியாது என்பதைப் பார்க்கவில்லை. என் பிறப்பு நடுவில் வந்து மறைத்துக்கொண்டது.

மூன்றாம் நாள் அதே வாய், வேறு பேச்சு. கம்பியைப் பிடிக்கிற முறை எனக்குப் பிடிபடவில்லை. "என்னக்கா, இதுகூடத் தெரியலையா? எத்தனவாட்டிச் சொல்றது" என்று சலிப்பு. அந்தச் சலிப்புக்குள் இருந்தது சொல்லாத பாதி: உங்க ஆளுகளுக்குச் சொன்னா ஏறாது. பலம் வந்தால் பிறப்பால் வந்தது. தெரியாமை வந்தால் அதுவும் பிறப்பால் வந்தது. நான் கற்றுக்கொண்டேன் என்றோ, இன்னும் கற்றுக்கொள்ளவில்லை என்றோ சொல்ல அங்கே இடமே இல்லை.

இன்னொன்றையும் அங்கே கவனித்தேன். ஜிம்மில் பெஞ்சைப் பயன்படுத்தியவர் துண்டால் துடைத்துவிட்டு எழுந்திருக்க வேண்டும் என்பது உலகம் பூராவும் உள்ள நல்ல பழக்கம். அங்கே யாரும் துடைப்பதில்லை. வியர்வை சொட்டச் சொட்ட ஒருவர் எழுந்தால் இன்னொருவர் அப்படியே படுப்பார். நான் எழுந்த பிறகு மட்டும் துண்டு வரும். நான் முதலிலேயே துடைத்துவிட்டு எழுந்தாலும் மறுபடி ஒரு துடைப்பு. எல்லாரும் எல்லாருக்காகவும் துடைத்தால் அது சுத்தம். ஒருத்தி எழுந்த பிறகு மட்டும் துடைத்தால் அதன் பேர் தீட்டு. துண்டு ஒன்றுதான், தண்ணீர் ஒன்றுதான். இதை எந்தப் போலீஸ் ஸ்டேசனில் எழுதிக் கொடுப்பது? பணம் கட்டிய மாதம் முடிந்ததும் நின்றுவிட்டேன்.

இந்த இடத்தில் பல்வங்கர் பாலுவை நினைக்கவேண்டும். தோல் தொழில் செய்யும் சாதியில் பிறந்து, இந்தியாவின் முதல் பெரிய சுழற்பந்து வீச்சாளர்களில் ஒருவராக ஆனவர். 1890களில் புனேயில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் மாதம் நாலு ரூபாய்ச் சம்பளத்துக்கு மைதானம் பராமரிக்கிற வேலை. அங்கே துரைமார்கள் மட்டையடித்துப் பழகுவதற்காக அவர் மணிக்கணக்கில் பந்து வீசினார். அப்படித்தான் அவர் கை தேர்ந்தது. பிறகு இந்துக்கள் அணியில் எடுத்தார்கள். மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லாரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்கு வெளியே, மண்குவளையில். 1911இல் இங்கிலாந்து போன இந்திய அணிக்காக 114 விக்கெட் எடுத்தார். 1923இல் அவர் தம்பி விட்டல் இந்துக்கள் அணிக்குத் தலைவரானார். பாலு 1937 தேர்தலில் அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றவர் என்பதால் நம்மில் பலருக்கு அவர்மேல் வருத்தம் உண்டு. அது தனிக் கதை.

நான் சொல்லவந்தது மண்குவளையைப் பற்றி அல்ல. அது எல்லாரும் சொல்வது. என்னை உறுத்துவது வேறு ஒரு செய்தி. புனே கிளப்பில் அத்தனை ஆயிரம் பந்துகள் வீசிய பாலுவுக்கு ஒரு தடவைகூட மட்டை பிடித்துப் பழக வாய்ப்புக் கொடுக்கவில்லை என்று பிற்காலத்தில் தன் மகனிடம் அவர் சொல்லியிருக்கிறார். பந்து வீசுவது உழைப்பு, மட்டையடிப்பது பெரிய மனிதர்களின் ஆட்டம். இதற்கு என்ன அர்த்தம்? பாலுவின் திறமையை அவர்கள் மறுக்கவில்லை. திறமையை எடுத்துக்கொண்டார்கள். மறுத்தது அவர் மட்டையோடு நின்று தடுமாறுகிற வாய்ப்பை. தப்பாக ஆடி, அவுட் ஆகி, சிரித்து, மறுபடி நிற்கிற வாய்ப்பை.

சாதி நமக்கு மறுத்தவற்றில் கணக்கில் வராமல் போனது இதுதான் என்று எனக்குப் படுகிறது. நிலம் மறுத்தது, நீர் மறுத்தது, எழுத்து மறுத்தது, இதெல்லாம் பேசியாகிவிட்டது. தெரியாதவராய் இருக்கிற உரிமையையும் மறுத்தது. ஒரு பிராமணப் பையன் பாட்டு வகுப்பில் அபசுரம் பாடினால் 'கொழந்தைதானே, வந்துடும்.' நம் பிள்ளை முதல் நாள் தப்பு செய்தால் அது அவன் தப்பு அல்ல, அவன் சாதியின் சான்று. அதனால் நம் பிள்ளைகள் புதிய இடத்துக்குப் போகும்போது தெரிந்தது மாதிரியே நடிக்கப் பழகுகிறார்கள். கேள்வி கேட்பதில்லை. கேட்டால் தெரியாது என்று தெரிந்துபோகுமே! கல்லூரியில் கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்து மூன்று வருசம் கழிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். படிப்பு ஏறாததால் அல்ல. தடுமாறுவதற்கு அவர்களுக்கு இடம் இல்லாததால். ஜிம்மில் இது உடம்பளவில் தெரிகிறது. தெரிந்தது மாதிரி நடித்து எடையைத் தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும்.

அப்படியானால் நமக்கென்று கூடம் கட்டிக்கொள்ளலாமே என்று ஒரு கட்சி உண்டு. கட்டியும் இருக்கிறோம். தமிழ்நாட்டில் எத்தனையோ சேரிகளில் இளைஞர்கள் காசு போட்டு, ஓலைக் கொட்டகையில் கர்லாக்கட்டையும், சிமெண்ட் ஊற்றிய டப்பாக்களைக் கம்பியில் கோத்த எடையுமாகத் தேகப்பயிற்சி செய்த வரலாறு இருக்கிறது. வடசென்னைக் குத்துச்சண்டைப் பரம்பரைகள் உழைக்கும் மக்கள் தாமே வளர்த்தவை. 2021இல் வந்த 'சார்பட்டா பரம்பரை' படத்தின் மூலம் உலகத்துக்கே தெரிந்தது. இதெல்லாம் நம் பெருமை.

ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு குடியிருப்பில் இப்படி ஒரு கூடத்துக்குப் போய், பெண்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமா என்று கேட்டேன். சுவரில் அம்பேத்கர் படம், கோட்டும் கண்ணாடியுமாக. "பொம்பளைங்க வந்தா பசங்க எப்படி எக்சர்சைஸ் பண்றதுக்கா? ஊர்ல என்ன பேசுவாங்க?" என்றார்கள். நம் தெருவுக்குள்ளேயே இன்னொரு தெருப் பையன்கள், நம்மைவிடக் கீழே என்று நாம் வைத்திருக்கிற தெருப் பையன்கள், அந்தக் கூடத்துக்கு வருவதில்லை. யாரும் தடுக்கவில்லையாம், அவங்களா வரலையாம். இந்த வசனத்தை நாம் எங்கே கேட்டிருக்கிறோம்? கோச்செங்கட் சோழன் வாசல் சேரிக்குள்ளும் இருக்கிறது. படத்தில் உள்ளவர் என்ன நினைப்பார் என்று கேட்டுவிட்டு வந்தேன்.

பழைய ஏதென்சில் நகர மதிலுக்கு வெளியே கினோசார்கஸ் என்று ஒரு கூடம் இருந்தது. தாய் தகப்பன் இருவரும் குடிமக்களாக இல்லாத கலப்புப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கியது. தெமிஸ்டோக்ளிசு அங்கேதான் பழகினார். அவர் தாய் அந்நிய தேசத்தவள். கி.மு. 480இல் சலாமிஸ் கடற்போரில் ஏதென்சைக் காப்பாற்றிய அதே ஆள்தான். அவர் இளைஞராக இருந்தபோது ஒரு காரியம் செய்ததாகப் புளூட்டார்க் எழுதுகிறார். உயர்குடிப் பையன்களைப் பேசிப்பேசி மதிலுக்கு வெளியே கூட்டிவந்து கினோசார்கசில் தன்னோடு பயிற்சி செய்ய வைத்தாராம். உங்கள் கூடத்துக்குள் என்னை விடு என்று கெஞ்சவில்லை. எங்கள் கூடம் எங்களுக்கு மட்டும் என்று கதவையும் சாத்திக்கொள்ளவில்லை. ஒதுக்கப்பட்ட இடத்தையே பொது இடமாக்கினார். நம் கொட்டகைகளுக்கும் இது ஒரு வழி. அதற்கு முதலில் நம் வீட்டுப் பெண்கள் உள்ளே வரவேண்டும்.

மூன்றாவது இடத்தில்தான் இப்போது பயிற்சி செய்கிறேன். பெரிய இடம் அல்ல. மாடியில் ஒரு நீளமான அறை, பழைய எந்திரங்கள், மின்விசிறி. பெண் பயிற்சியாளருக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். முதல் நாள் அவர் கேட்ட கேள்விகள் இவை: முன்னாடி எங்கயாச்சும் அடிபட்டிருக்கா? சுகர், பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுறீங்களா? ராத்திரி எவ்வளவு நேரம் தூக்கம்? எந்த நேரம் வர ஒத்துவரும்? அவ்வளவுதான். கட்டணம் சுவரில் எழுதியிருக்கிறது, எல்லாருக்கும் அதே தொகை. துடைக்கிற துணி ஒவ்வொரு பெஞ்சிலும் தொங்குகிறது, எல்லாரும் துடைக்கிறார்கள்.

எனக்கு வெறும் கம்பிகூட இல்லை, ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கொடுத்தார். "இத வச்சு ரெண்டு வாரம் பழகுங்கக்கா, எடையெல்லாம் அப்புறம்." குனிந்து நிமிர்கிறபோது என் முதுகு வளைந்திருந்தது. "முதுகத் தொட்டு நிமுத்தலாமாக்கா?" என்று கேட்டார். இந்த ஒரு கேள்வியை நினைத்துக்கொண்டே அன்று நடந்து வந்தேன். தலித் பெண்ணின் உடம்பை இந்தச் சமூகம் இரண்டு விதமாகத்தான் நடத்தியிருக்கிறது. தொடக்கூடாத உடம்பு. கேட்காமலே தொடலாம் என்கிற உடம்பு. பகலில் முதலாவது, இருட்டில் இரண்டாவது. கேட்டுத் தொடுவது என்று மூன்றாவதாக ஒன்று இருக்கிறது என்பதை அந்தப் பெண் எந்தப் புத்தகமும் படிக்காமல் செய்தார். அவர் எனக்குச் சலுகை காட்டவில்லை. எல்லாரிடமும் அப்படித்தான் கேட்கிறார்.

இன்னொரு நாள் முழங்காலுக்கு ஒரு பயிற்சியைப் பற்றிக் கேட்டேன். "இது உங்களுக்குச் சரியா வருமான்னு எனக்குத் தெரியாதுக்கா. டாக்டர்கிட்ட கேட்டுட்டு வந்து சொல்லுங்க, செய்வோம்" என்றார். கற்றுக்கொடுக்கிறவரே தெரியாது என்று சொல்கிற இடத்தில் கற்றுக்கொள்ள வந்தவள் தெரியாது என்று சொல்ல ஏன் பயப்படப் போகிறாள்? அங்கே ஒரு திருநங்கை வருகிறார். அறுபது வயதுப் பெரியம்மா ஒருத்தர் புடவையிலேயே வந்து நடை எந்திரத்தில் நடக்கிறார். யாரும் யாரையும் வேடிக்கை பார்ப்பதில்லை. கண்ணாடியில் அவரவர் முகத்தைப் பார்க்கவே நேரம் சரியாக இருக்கிறது.

'நாங்க சாதியெல்லாம் பாக்குறதில்லை' என்று அந்த இடத்தில் யாரும் சொன்னதில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வாக்கியத்தைச் சொல்கிறவர் பெரும்பாலும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார். வரவேற்பு என்பது என் சாதியை மறந்துவிடுவதும் அல்ல, நினைவில் வைத்துத் தட்டிக்கொடுப்பதும் அல்ல. என் தப்பை என் தப்பாகவும், என் வளர்ச்சியை என் வளர்ச்சியாகவும் எண்ணுவது. நான் பிளாஸ்டிக் குழாயோடு தடுமாறியபோது அது ஒரு புது ஆளின் தடுமாற்றம். 15 கிலோ கம்பியை ஒழுங்காகத் தூக்கியபோது அது நான் மூன்று மாதம் பழகியதன் பலன். நடுவில் யாருடைய பூர்வீகமும் வரவில்லை.

இருந்தாலும் இந்த இடத்தையும் நான் சொர்க்கம் என்று எழுதப் போவதில்லை. இளம்பிள்ளை வாதத்தால் கால் பாதித்த தோழர் ஒருவரை அங்கே சேரச் சொன்னேன். வந்து பார்த்தார். இருபத்திரண்டு படிகள், பிடித்து ஏறக் கம்பி இல்லை. "உனக்குக் கதவு தெறந்துருச்சும்மா, எனக்குப் படிக்கட்டு" என்று சொல்லிவிட்டுக் கீழேயே நின்றார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது, பொதுமக்கள் வந்துபோகும் கட்டடங்களில் தடை இருக்கக்கூடாது என்கிறது. சட்டம் கீழே அவரோடு நின்றுகொண்டிருக்கிறது. யானைக்குக் குறுக்கிய வாசல் மாதிரிதான் இந்தப் படிக்கட்டும், யாரையும் வராதே என்று அது சொல்லவில்லை. நமக்கு வாசல் கிடைத்ததும் திரும்பிப் பார்த்து, பின்னால் நிற்கிறவருக்கு அது எந்த அளவில் இருக்கிறது என்று கேட்க வேண்டியது நம் கடமை. நமக்கு அது தெரியாது என்று சொல்ல முடியாது. வாசலுக்கு வெளியே நின்ற அனுபவம் நம்மைவிட யாருக்கு உண்டு?

நம் பெண்கள், நம் பிள்ளைகள் யாராவது இப்படி ஒரு கூடம் தேடினால் நான் சொல்வது இதுதான். எந்திரங்களைப் பார்க்காதீர்கள், முதல் கேள்வியைக் கவனியுங்கள். உடம்பைப் பற்றிக் கேட்கிறார்களா, தெருவைப் பற்றிக் கேட்கிறார்களா? கட்டணம் எழுதிப் போட்டிருக்கிறார்களா, ஆளைப் பார்த்துச் சொல்கிறார்களா? எல்லாரும் துடைக்கிறார்களா? கேட்டுத் தொடுகிறார்களா? ஒரு நாள் சும்மா வந்து பார்க்க விடுகிறார்களா? அங்கே உங்களைவிடப் புதிதாக வந்த ஒருவர் தடுமாறும்போது மற்றவர்கள் முகம் எப்படி இருக்கிறது? கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலை மட்டும் வைத்தே முடிவெடுக்கலாம்.

படிக்கட்டைப் பற்றி எங்கள் கூடத்தில் பேச்செடுத்திருக்கிறோம். கீழ்த்தளத்தில் ஒரு அறை காலியாகிறது, வாடகை கூடுதல். இப்போது வருகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் அதிகம் கட்டினால் இரண்டு எந்திரங்களையாவது கீழே இறக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். கட்டுவதாகச் சிலர் சொல்லியிருக்கிறார்கள், சிலர் யோசித்துச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். அடுத்த மாதம் மறுபடி பேசுவோம்.